விருந்தாளிச் செருப்பு

கிண்ணத்தில் பாதி முட்டை மிதந்துகொண்டிருந்தது, மஞ்சள் கரு மேலே பார்த்தபடி, யாரோ கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்குகிற மாதிரி. பவுனம்மா கரண்டியால் அதை மெல்லத் தள்ளினாள். அது ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி அவளையே பார்த்தது. மேசைக்குக் கீழே அவளுடைய இரண்டு கால்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒண்டிக்கொண்டு கிடந்தன. காலுறை இருக்கிறது, மகன் வாங்கித் தந்தது, சாம்பல் நிறம், ஆனால் போலந்துத் தரையின் குளிர் காலுறையிடம் அனுமதி கேட்டுக்கொண்டா வருகிறது, உள்ளங்காலில் புகுந்து, கெண்டைக்காலில் ஏறி, முட்டியில் வந்து உட்கார்ந்துகொண்டு நான்தான் என்கிறது. ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்தபடி இருக்கிறது. விழுகிறதா மிதக்கிறதா என்று சொல்ல முடியவில்லை, தோல் பதனிடும் ஷாப்பில் மயிர் வழிக்கும்போது காற்றில் பறக்குமே வெள்ளைப் பிசிறு, அந்த மாதிரி, அவசரமே இல்லாமல். எல்லாம் நல்லபடியாகத்தானே நடந்தது, வாசலில் அந்த ஒரு நொடி வரைக்கும். நாலு மாடி ஏறி வந்தாயிற்று, மூச்சு வாங்கியதைக்கூட மறைத்தாயிற்று. கதவு திறந்ததும், மகன் கட்டிக்கொள்ளப்போகிற கிங்காவின் அம்மா ஹலீனா, வெள்ளைத் தலை, நீல ஸ்வெட்டர், இரண்டு கையாலும் அவளை உள்ளே இழுத்துக்கொண்டாள். ஜென் டோப்ரி என்று அவர்கள் பாஷை வணக்கத்தைப் பவுனம்மா பிசகாமல் சொன்னாள். பூவைக் கொடுத்தாள். பூட்ஸைக் கழற்றினாள். அப்புறம் அந்த ஹலீனா குனிந்து, சுவரோரத் தட்டிலிருந்து ஒரு ஜோடிச் செருப்பைக் கையாலேயே எடுத்து, அதன் மூக்கு வீட்டுக்குள் பார்க்கத் திருப்பி, பவுனம்மாவின் காலடியில் வைக்க வந்தாள். பவுனம்மாவின் கால் துள்ளிவிட்டது. அவள் துள்ளவில்லை, கால் துள்ளியது. அரை அடி பின்னால் போய்ச் சுவரில் முதுகு இடித்து, ரெண்டு கையையும் முன்னால் நீட்டி, ஐயோ வேணாங்க, வேணாங்க என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். ஹலீனாவின் கை செருப்போடு அந்தரத்தில் நின்றது. முகம் என்னவோ ஆயிற்று. அப்புறம் மெதுவாக அந்தச் செருப்பைத் தட்டில், எடுத்த இடத்திலேயே, திரும்ப வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

எல்லாம் சொல்லித் தந்தவன் இதைச் சொல்லித் தரவில்லையே பாவி. இருபது நாளாக மகன் அறிவழகன் ஃபோனில் பாடம் நடத்தினான். அவள் ஆம்பூரில் ஷூ கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஃபோனைக் காதில் அழுத்திக்கொண்டு, ஆங், ஆங், சொல்லு என்பாள். பூ ஒத்தைப்படையாத்தான் இருக்கணும்மா. சரி. சாமந்தி மட்டும் ஆகாது, அது இங்க கல்லறைக்கு வெக்கிறது. அயே, ஆயுத பூஜைக்கு மெஷினுக்கே வெக்கிற பூவாச்சேடா. வாசப்படிக்கு வெளிய நின்னுகிட்டு எதையும் கொடுக்காதே, வாங்காதே, கை குலுக்காதே, உள்ள போனப்புறம்தான். இதப் போயி எனக்குச் சொல்லித் தரியா நீ, இது தெரியாமலா உன்னப் பெத்தேன். கிங்காவோட அப்பா பழைய காலத்து மனுசர், உன் கையப் புடிச்சு முத்தம் குடுப்பார், பயந்துடாதே. இன்னாது? பக்கத்து சீட்டுச் சம்பூர்ணம் அதைக் கேட்டுவிட்டாள். பஸ் முழுக்கப் பரவிவிட்டது. இன்னாக்கா, பரிச்சைக்கா படிக்கிற, பொண்ணு பாக்கப் போறவ நீ, மாப்ள வூட்டுக்காரி, கால் மேல காலு போட்டுக்கினு பஜ்ஜி சொஜ்ஜி தின்னுட்டு, ஊருக்குப் போயி லெட்டர் போடறோம்னு சொல்லிட்டு வரணும், நீ இன்னாடான்னா ஒப்பிச்சிக்கினு கீற. பொண்ணு பேரு இன்னாக்கா? கிங்கா. கங்காவா? கங்கான்னே வெச்சிக்கோயேன். சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். ஆனால் பஸ்ஸில் யாருக்கும் அவள் சொல்லாதது ஒன்று உண்டு. ஏப்ரலில் கல்யாணம் பதிய நாள் கேட்டிருக்கிறார்கள் பிள்ளைகள் இருவரும், ஆனால் ஹலீனா ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாள், அந்தப் பையனைப் பெற்றவளை நான் என் கண்ணால் பார்க்க வேண்டும், பார்த்தால்தான் என் மனசு ஆறும் என்று. பார்க்கட்டுமே, பார்ப்பதில் என்ன, என்றான் மகன். அவனுக்கு என்ன தெரியும். பார்க்கிறவர்கள் எதைப் பார்ப்பார்கள் என்று அவனுக்குத் தெரியாமல் இருக்கத்தானே முப்பது வருஷம் மெஷினில் குனிந்து உட்கார்ந்தாள்.

சூப்பை ஒரு வாய் எடுத்தாள். புளித்தது. புளித்த கேழ்வரகுக் கூழில் யாரோ மிளகைத் தட்டிப் போட்டு, ஆட்டுக்குத் தெரியாமல் எலும்பைக் காட்டி எடுத்த மாதிரி ஒரு ருசி. நல்லாத்தான் இருக்கிறது. நல்லாயிருக்கு என்பதற்கு அவன் ஒரு சொல் கற்றுத் தந்தான், அது எங்கே போயிற்று, நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போகிறது. எதிரே கிங்காவின் அப்பா யூரெக், பெரிய மீசை, டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், அவளைப் பார்த்துத் தலையாட்டினார். அவளும் தலையாட்டினாள். அவர் முத்தம் கொடுத்த கை இதுதான், வலது கை, அதற்கு மட்டும் அவள் தயாராக வந்திருந்தாள், இந்த ஊருக்கு வந்த ரயிலில் மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவி, முகர்ந்து பார்த்து, மறுபடி கழுவி. சொல்யூஷன் வாசம் போகாது. ஷூவுக்கு மேல்தோல் ஒட்டுகிற அந்தப் பசை கைத்தோலுக்குள் போய் முப்பது வருஷமாகக் குடியிருக்கிறது, இந்த மனிதரின் மீசைக்கு அது தெரிந்திருக்குமோ. தெரிந்தால்தான் என்ன. வருகிற வழியில் டிராமில் எல்லார் காலையும்தான் பார்த்துக்கொண்டு வந்தாள், முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. தோ அது ஒட்டினது, தோ அது கையால தச்சது, அந்தப் பொம்பளை போட்டிருக்கிறது நம்ம ஊர் மாதிரி இருக்கிறதே, ஓரத்தில் இரட்டைத் தையல், நான் தைத்ததாகக்கூட இருக்கும். யார் யார் காலுக்கோ தைத்து அனுப்பினோம், அந்தக் கால் எப்படியிருக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை, இதோ எல்லாக் காலும் வரிசையாக உட்கார்ந்து பனியைச் சொட்டவிட்டுக்கொண்டு போகிறது, கனவில் வருகிற மாதிரி. இந்த வீட்டு நடையிலும் கழற்றிவிட்ட பூட்ஸ் ஐந்தாறு ஜோடி சாய்ந்து கிடந்தன. குனிந்து நேராக்கி வைக்கக் கை போயிற்று. நிறுத்திக்கொண்டாள். அங்க போயி குனியாதம்மா என்று அவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான் கட்டளை மாதிரிச் சொன்னது. யாரையும் பாத்து எழுந்திரிக்காதே, ஓரமா நிக்காதே, தரையில உக்காராதே, நீ சம்பந்தி. இங்க ஒருத்தருக்கும் நம்ம தெரு தெரியாது, காலனி தெரியாது, நீயா சுமந்துகிட்டுப் போயி காட்டினாத்தான் உண்டு.

நான் சுமக்கவில்லையடா, உடம்பு சுமக்கிறது. அதுதானே பயம். பெரிய தெருவில் அம்மா வாசல் கூட்டுகிற வீட்டில் அவளும் கூடப் போவாள், ஏழு வயசு. அந்த வீட்டு ஆள் வெளியே கிளம்புகிற நேரம் அம்மா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் குனிந்து அவர் செருப்பைத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைப்பாள், அவர் படியிறங்கி நேரே காலை நுழைத்துக்கொண்டு நடையைக் கட்டுவார், கீழே பார்க்கக்கூட மாட்டார். அது ஒரு விளையாட்டு என்று நினைத்து ஒரு நாள் இவள் முந்திக்கொண்டு ஓடித் திருப்பி வைத்தாள். சரியாக வைத்துவிட்டோம் என்று சிரித்தபடி அம்மாவைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் அம்மா அறைந்தாள். அம்மா அடித்தது வாழ்நாளில் அந்த ஒரு தரம்தான். நீ தொடாதே, இது என்னோட போவட்டும் என்றாள், அப்புறம் தானே அழுதாள். அன்றைக்கு எரிந்த கன்னத்தை இப்போது யாரோ ஊதுகிறார்கள், ஜன்னல் இடுக்கில் காற்று. அப்படி இருக்க, ஒரு வெள்ளைத் தலைக்காரி, பெண்ணைப் பெற்றவள், தன் வீட்டில் தானே குனிந்து, கையால் செருப்பைத் தூக்கித் திருப்பி வைத்தால், காலை நுழைத்துக்கொண்டு நிற்க முடியுமா. அந்த ஆள் மாதிரி மேலே பார்த்துக்கொண்டு. என்னாலே ஆகாது. மரியாதைக்குத்தானே வேண்டாம் என்றேன், அவளை எழுப்பிவிடத்தானே கை நீட்டினேன். ஆனால் துள்ளினதைப் பார்த்திருப்பாளே. சுவரில் இடித்துக்கொண்டதைப் பார்த்திருப்பாளே. இப்படித் துள்ளுகிறவள் எங்கேயிருந்து வந்தவள், எப்படி வளர்ந்தவள், யார் முன்னால் நின்று பழகினவள் என்று ஒரு பொம்பளைக்குத் தெரியாதா. கண்டுபிடித்திருப்பாள். அதனால்தான் உட்கார்ந்ததிலிருந்து அவள் பேசவில்லை. ரொட்டியை நகர்த்துகிறாள், வெண்ணெயை நகர்த்துகிறாள், உப்பை நகர்த்துகிறாள், கண்ணை மட்டும் இந்தப் பக்கம் நகர்த்தவில்லை. கிங்கா தமிழில் சாப்பிடுங்கம்மா என்றாள், யாரிடம் கற்றாளோ, குழந்தை பேசுகிற மாதிரி இருந்தது. பவுனம்மா அவளைப் பார்த்துச் சிரித்தாள். இந்தப் பெண் வீட்டுக்கு வராமல் போய்விட்டால் அது என் காலால்தான் போயிற்று என்று ஆகும். அறிவு ஒன்றும் சொல்ல மாட்டான். சொல்லாமலே இருப்பான், அதுதான் கஷ்டம், பத்து வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடுகிறபோது கையை நிறுத்திவிட்டு எங்கேயோ பார்ப்பான், எனக்குத் தெரியும் எதை நினைக்கிறான் என்று.

ஹலீனா மெல்லக் குனிந்து கிங்காவிடம் ஏதோ சொன்னாள். ஆற்று மணலில் நடக்கிற மாதிரிச் சரசரவென்று ஒரு பேச்சு, அதில் ஷ் ஷ் என்று நிறைய. கிங்கா, மாமா, மாமா என்றாள். இங்கே அம்மாவைத்தான் மாமா என்கிறார்கள் என்று முதல் நாளே அவளுக்குச் சிரிப்பு வந்தது, இப்போது வரவில்லை. கிங்கா கரண்டியை வைத்துவிட்டு அறிவின் காதில் இங்கிலீஷில் சொன்னாள். அறிவின் காது சிவந்தது. வந்துவிட்டது, என்று நினைத்துக்கொண்டாள் பவுனம்மா. ம்மா, என்றான் அவன், கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே, ஒண்ணு கேக்கறாங்க, நீ தப்பா எடுத்துக்காதே. கேக்கட்டும். அந்தச் செருப்பு அழுக்கா இருந்துச்சான்னு கேக்கறாங்க. இன்னாது? வீட்டுக்கு வர்றவங்களுக்குன்னே தனியா வெச்சிருக்கிற செருப்பாம் அது, உனக்காக முந்தாநாளே தொவைச்சு, ஹீட்டர் மேல வெச்சுக் காயப்போட்டாங்களாம், ஆனா பழசுதான், சந்தையில வாங்கினது, அதுக்காகத்தான் நீ காலை வெக்கலியான்னு கேக்கறாங்க. அவன் நிறுத்தினான். சொல்லுடா. நீ வெளிநாட்டுக்கெல்லாம் ஷூ தைக்கிறவன்னு நான்தான் பெருமையாச் சொல்லி வெச்சேன், அதனால அவங்க, அப்படிப்பட்ட அம்மா கண்ணுக்கு எங்க வீட்டுச் செருப்பு எப்படித் தெரிஞ்சிருக்கும், புதுசு வாங்கியிருக்கணும், தப்புப் பண்ணிட்டேன்னு சொல்றாங்க. காலையிலேருந்து தவிச்சுக்கிட்டு இருந்தாங்களாம் இது சரியா வருமா வருமான்னு. பவுனம்மா ஹலீனாவைப் பார்த்தாள். ஹலீனா மேசைத்துணியின் மடிப்பை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள், இல்லாத கறையைத் தேய்க்கிற மாதிரி.

அழுக்கா. என் காலுக்கா. சூப்பின் ஆவி இரண்டு பேருக்கும் நடுவில் எழும்பி, ஹலீனாவின் முகம் தண்ணீருக்கடியில் இருக்கிற மாதிரி நெளிந்தது, நெளிந்து நெளிந்து அது வேறு ஒரு முகமாகிப் போயிற்று, பார்த்தால் அது பவுனம்மாவின் முகம், பத்தொன்பது வயசு, முதல் மாதச் சம்பளம் வாங்கின நாள், ஒரு கிலோ லட்டு அட்டைப்பெட்டியோடு பெரிய தெருவில் டீச்சரம்மா வீட்டு வாசலில் நிற்கிறாள். அந்த அம்மாதான் அவளுக்குப் பெயரெழுதக் கற்றுத் தந்தது, அந்த அம்மாதான் கம்பெனி ஃபாரம் எழுதித் தந்தது. டீச்சரம்மா நல்லவள். திட்டவில்லை, விரட்டவில்லை. நீட்டிய பெட்டியைப் பார்த்து ஒரு அடி பின்னால் போனாள், இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள், வேணாம்மா, எனக்குச் சர்க்கரை, வேணாம், சந்தோஷம், சந்தோஷம் என்றாள். சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான். திட்டியிருந்தால் அன்றைக்கே மறந்திருக்கலாம், அந்தச் சிரிப்பை முப்பது வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறாள், புருஷனிடம் சொன்னதில்லை, அவர் செத்தும் போனார், மகனிடம் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து ஒரு லட்டைக் கையில் எடுத்து, இதில் என்ன ஒட்டியிருக்கிறது என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தவள் அவள். இப்போது நடையில் அரை அடி பின்னால் போனது யார். இரண்டு கையை முன்னால் நீட்டினது யார். சிரித்தது யார். அதே அரை அடி, அதே கை, அதே சிரிப்பு. அன்றைக்குப் பெட்டியோடு நின்றவள் இன்றைக்கு எதிரில் உட்கார்ந்து மேசைத்துணியைத் தேய்க்கிறாள். நானா, நானா இதைச் செய்தேன், எனக்கா இது வந்தது. இத்தனை நாள் இன்னொருத்தர் கையில்தான் அது இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேனே. பனி விழுகிறது. யாரோ கரண்டியைக் கீழே வைத்தார்கள். அவளுடைய கால்கள் ஒன்றைவிட்டு ஒன்று இறங்கித் தரையில் ஊன்றின.

எழுந்தாள். அவள் எழுந்ததும் யூரெக்கும் எழுந்தார், பெண்பிள்ளை எழுந்தால் தானும் எழ வேண்டும் என்பது அவருக்குப் பழக்கம்போல. அவர் எழுந்ததால் அறிவும் எழுந்தான். ம்மா, எங்க போற, உக்காரு, நான் சொல்லிக்கிறேன். நீ ஒண்ணும் சொல்ல வேணாம், சாப்டு, என்றாள். நடைக்குப் போனாள். அரை இருட்டு, ஈரக் கம்பளி வாசம், பூட்ஸ்களின் கீழே உருகின பனி. தட்டின் கடைசி அடுக்கில் அது இருந்தது. கையில் எடுத்ததும் கை தன் வேலையைத் தொடங்கிவிட்டது, யாரையும் கேட்காமல். ஆட்டுத்தோல், உள்ளே ரோமத்தோடு விட்டுத் தைத்தது, மேலே சிவப்பு நூலில் ஏதோ பூ. சந்தைச் சரக்குத்தான், அடி லேசு. குதிகால் பக்கம் ஓரம் விட்டுப்போய் யாரோ திரும்பத் தைத்திருக்கிறார்கள், சாம்பல் நூலில், ஆறு தையல், ஒன்று நீளம் ஒன்று குட்டை, தோலுக்குப் போடுகிற ஊசி இல்லை, துணி ஊசி, தள்ள முடியாமல் தள்ளியிருக்கிறாள், ஆனால் கடைசியில் இரண்டு முடிச்சு. அறுந்துவிடக் கூடாது என்று இரண்டு முடிச்சு. கம்பெனியில் இது ரிஜெக்ட். பவுனம்மா அந்த முடிச்சைக் கட்டைவிரலால் ஒரு தரம் தடவினாள். குனிந்துதான் போட வேண்டியிருந்தது, குனிந்தாள், போட்டாள். கொஞ்சம் பெரிசு. சூடு கால் விரல் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு ஏறியது.

திரும்பி வந்தபோது மூன்று பேரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள், ஹலீனா மட்டும் காலைப் பார்த்தாள். பவுனம்மா அவள் பக்கத்தில் போய் நின்று, வலது காலைத் திருப்பிக் குதிகாலைக் காட்டினாள். இத யாரு தச்சதுன்னு கேளு. அறிவு கேட்டான், கிங்கா கேட்டாள், ஹலீனா தன் மார்பில் கை வைத்தாள், அப்புறம் இடது கைச் சுட்டுவிரலைத் தூக்கிக் காட்டினாள், நுனியில் ஊசி குத்தின சின்னக் கறுப்புப் புள்ளி. பவுனம்மா தன் இடது கையை விரித்து அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். அதில் அப்படி எத்தனையோ புள்ளி, ஒரு நகம் இரண்டாகவே வளர்கிறது. ஹலீனா அந்த நகத்தைத் தொட்டாள். ஓ, என்றாள். அதற்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அழுக்கு இல்லேன்னு சொல்லுடா, என் மேலதான் தப்பு, எங்க ஊர்ல ஒருத்தர் கையால இன்னொருத்தர் காலுக்குச் செருப்பு வெச்சா அது வேற, அத நான் அப்புறம் ஒரு நாள் உக்காந்து சொல்றேன், இப்ப சூப்பு ஆறுது. அவன் அதை எவ்வளவு சொன்னானோ, எவ்வளவு விட்டானோ. ஹலீனா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு திடீரென்று ஏதோ ஞாபகம் வந்தவளாக, கைகளைத் தட்டிக்கொண்டு உள்ளறைக்கு ஓடினாள், அந்த வயசுக்கு நல்ல ஓட்டம். யூரெக் கண்ணை மூடித் தலையை ஆட்டினார், இனிமேல் சூப்பு அவ்வளவுதான் என்கிற மாதிரி. ஹலீனா ஒரு அட்டைப்பெட்டியோடு வந்து, ரொட்டித் தட்டை முழங்கையால் தள்ளிவிட்டு, சாப்பாட்டு மேசையின் மேலேயே அதைத் திறந்தாள். மெல்லிய காகிதத்துக்குள் ஒரு ஜோடி ஷூ, வெளிர் நீலம், சின்னக் குதிகால், தேய்வே இல்லாத புத்தம் புதுசு. மாமா, மேசையிலா, என்று கிங்கா தலையில் கை வைத்தாள். ஹலீனா அவளை லட்சியம் செய்யவில்லை, பவுனம்மாவைப் பார்த்தே படபடவென்று பேசினாள், அதில் கிங்கா என்கிற பெயர் மட்டும் புரிந்தது. ம்மா, என்றான் அறிவு, எங்க கல்யாணத்துக்கு அவங்க போட்டுக்க வாங்கினாங்களாம், போன மாசமே வாங்கிட்டாங்களாம், கிங்காவுக்கே தெரியாது. நல்ல ஷூதானா, ஏமாத்திட்டானான்னு நீ பாத்துச் சொல்லணுமாம். போன மாசமே, என்றாள் பவுனம்மா. என்னைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னாலேயே. ஷூவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அடியைத் திருப்பினாள், மூக்கை அமுக்கினாள், உள்ளே இரண்டு விரலை விட்டு லைனிங் ஓரத்தைத் தடவினாள், பின்பக்கத்தை வளைத்துப் பார்த்தாள், காதருகே வைத்து ஒரு தட்டுத் தட்டினாள். நான்கு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சரக்கு நல்ல சரக்கு, என்றாள் கடைசியில், ஆனா குதிகால் கடிக்கும். இன்னியிலேருந்து தெனம் கொஞ்ச நேரம் வூட்டுக்குள்ளயே போட்டுக்கினு நடக்கச் சொல்லு.